பிள்ளைமடுவத்து மழைமானி

வட்டவளையைத் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. நிலையம் எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, அதற்குள் தேயிலை, அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சிங்களப் பெண்மணி பையைத் திறந்து மீன் வைத்த பணிஸ் ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். ரயில் நின்றால் சாப்பிடுவது இந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம். நம் ஊரில் ரயில் நின்றால் முதலில் ஆளுக்கு ஆள் அரசாங்கத்தைத் திட்டுவோம், பசி பிறகுதான் நினைவுக்கு வரும்.

கார்டு பெட்டி பெட்டியாக ஏதோ சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெண்மணி எனக்காக அரைகுறைத் தமிழில் மாற்றிச் சொன்னார். தண்டவாளத்தில் கொஞ்சம் மண் விழுந்திருக்கிறதாம், வாரி எடுத்ததும் கிளம்புமாம். மழை எப்போது பெய்தது என்று கேட்டேன். இந்தப் பக்கம் இரண்டு நாளாக மழையே இல்லை என்றார். சொல்லிவிட்டு அவர் தன் பணிஸைக் கடித்தார். மழையில்லாமல் மண் ஏன் விழ வேண்டும் என்று எனக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மழைதான் எனக்குச் சோறு போடுகிறது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து ஒரு வட்டாரக் காலநிலை மாதிரியை ஓட்டும் குழுவில் இருக்கிறேன். நிலத்தைச் சதுரக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு மழை என்று கணினி கணக்குப் போடும். வீட்டில் ஒருவன் ஆறு இட்லி தின்று இன்னொருவன் பட்டினி கிடந்தால், ஆளுக்கு மூன்று என்று எழுதுகிற கணக்கு இது. சராசரி மழையை மாதிரி ஓரளவு சரியாகவே சொல்லும். கொட்டித் தீர்க்கும் மழை வந்தால்தான் திண்டாடும். அதை நாள் கணக்கில் பரப்பி, பழுதான குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் தரையில் இருக்கும் மழைமானிகளோடு ஒப்பிட்டு மாதிரியைத் திருத்துகிறோம். அந்த வரிசையில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த தானியங்கி மழைமானி எங்களைப் படாத பாடு படுத்தியது. சுற்றிலும் இருந்த எல்லா மானிகளும் காய்ந்து கிடந்த நாட்களில், செயற்கைக்கோள் ஒரு மேகம்கூட இல்லை என்ற நாட்களில், அது பேய்மழை பதிவு செய்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை. என் அலுவலக நண்பர் அதற்குப் 'பேய்மழை மானி' என்றே பெயர் வைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்து, அதை வைத்துக்கொள்வதா பட்டியலிலிருந்து நீக்குவதா என்று சொல்ல வேண்டும். நீக்கிவிட்டால் அதன் பராமரிப்பும் நின்றுவிடும். அதுதான் நான் வந்த வேலை.

ஹட்டனில் இறங்கிய பிறகுதான் குடையை ரயிலில் விட்டுவிட்டது தெரிந்தது. மழையை ஆராய வந்தவள் குடையைத் தொலைத்த கதையை நான் சென்னையில் யாரிடமும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் தேநீர் குடித்தேன். உலகமே இந்த ஊர்த் தேயிலையைக் கொண்டாடுகிறது, இங்கே கண்ணாடித் தம்ளரில் கிடைத்ததோ வெறும் தூள். கடைக்காரரிடம் கேட்டே விட்டேன். நல்லது எல்லாம் கப்பலுக்குப் போகிறது, நீங்கள் வந்த ஊரில் கிடைக்கும் என்றார். ஆளுக்கு ஏற்ற பதில் வைத்திருந்தார்.

பொகவந்தலாவைப் பேருந்து டிக்கோயாவைத் தாண்டி ஒரு வளைவில் மாட்டிக்கொண்டது. எதிரே ஒரு லொறி. எங்கள் ஓட்டுநர் பின்னால் எடுத்தார், பின்சக்கரம் சாலையின் விளிம்புக்குப் போனதும் யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து மலைப் பக்கத்து இருக்கைகளுக்கு மாறினார்கள். நானும் மாறினேன். லொறி போனதும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தோட்டத்தில் எனக்குப் பொறுப்பானவர் பாலகிருஷ்ணன். தோட்ட வேலையை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி, தோட்டத்துப் பேச்சில் கண்டாக்கு. 'கண்டாக்கையா' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும், யோசித்துப் பேசுகிற மனிதர். அவர் வீட்டில் கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். சம்பலின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வழிந்ததை அவர் மனைவி பார்க்காத மாதிரி இருந்தார், அது பெரிய மரியாதை.

சாப்பிட்ட பிறகு மடிக்கணினியைத் திறந்து மாதிரியின் நிலப்படத்தைக் காட்டினேன். எங்கள் தோட்டம் எங்கே என்று கேட்டார். ஒரு கட்டத்தில் விரல் வைத்தேன். அந்த ஒரே கட்டத்துக்குள் இந்தப் பள்ளத்தாக்கு, இரு பக்க மலைகள், பக்கத்துப் பள்ளத்தாக்கின் பாதி எல்லாம் அடக்கம். உயரமும் சராசரிதான். மாதிரியில் இங்கே பள்ளத்தாக்கே இல்லை, மேட்டு நிலம் ஒன்று மட்டும் இருக்கிறது என்று விளக்கினேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப உங்க கணக்குப்படி நாங்க இப்ப மண்ணுக்குள்ள உக்காந்திருக்கோம்ங்களா மிஸ்?" என்றார். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் காலை பெரட்டு முடிந்ததும், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்ததும், பாலகிருஷ்ணன் என்னை மழைமானிக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் மூடுபனி. மேலே எங்கோ பெண்கள் கொழுந்து பறிக்கும் பேச்சு கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. பேச்சு ஒரு திசையில் கேட்கும், பத்தடி நடந்தால் அதே குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கும். எனக்குப் பிடிக்கவில்லை. வேகமாக நடந்தேன்.

ஒரு திருப்பத்தில் அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் பார்க்காத பக்கத்தில் ஒரு கதவு நின்றது. நீலச் சாயம் அடித்த மரக்கதவு, நிலையோடு, பூட்டுப் போட்டு. அதற்குப் பின்னால் அறை இல்லை. சுவர் இல்லை. சரிந்த மண்ணின் மேல் காட்டுச்செடி மண்டியிருந்தது. வாசற்படியில் மட்டும் கற்பூரம் எரித்த கறுப்பு. பழைய லயம் என்றார். சில வருஷங்களுக்கு முன் மலை இறங்கி அந்த வீட்டு வரிசையைக் கொண்டுபோய்விட்டது. அன்று லயத்தில் இருந்தவர்களில் சிலரைத் தேடி எடுக்கவே முடியவில்லையாம். அவர் குரல் இறங்கியிருந்ததால் நான் மேலே கேட்கவில்லை.

மழைமானி இருந்தது பிள்ளைமடுவத்து முற்றத்தில். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் காப்பகம் அது. கம்பிவேலி இருப்பதாலும் கைப்பேசி அலை கிடைப்பதாலும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை ஒட்டிக் கீழ்லயம், மனிதர்கள் இருக்கும் லயம். இரண்டுக்கும் நேர் மேலே செங்குத்தாகத் தேயிலை ஏறிப் பனிக்குள் மறைந்தது. உள்ளே புடவைத் தொட்டில்களில் குழந்தைகள் தூங்கின. ஆயா ராஜேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம், ஒல்லியான உடம்பு. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவர் நான் மானியைத் திறக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

மானியில் ஒரு குற்றமும் இல்லை. மட்டம் சரி, உள்ளே சாயும் சிறு வாளி சரி, கம்பிகள் சரி. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு பல்லியாவது செத்துக் கிடந்திருக்கலாம். சும்மா புனலுக்குள் மூக்கை வைத்தேன். குழந்தைச் சோப்பு வாசம் வந்தது. ஆளரவமற்ற பனியில், வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு தகரப் புனலுக்குள்ளிருந்து, குளித்து முடித்த குழந்தையின் வாசம்.

அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்த மானி ஓர் எல்லையைத் தாண்டிய மழையைப் பதிவு செய்தால் கண்டாக்கையாவின் கைப்பேசிக்குத் தகவல் போகும். தகவல் வந்தால் ஃபாக்டரியில் சங்கு ஊதுவார்கள். கீழ்லயத்து ஆட்கள் எல்லாரும் ஓடையைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், அன்றைக்கு வேலை செய்ததாகவே பேர் விழும், கூலி உண்டு. சங்கு ஊதாமல் பயந்து போனால் பேர் விழாது. வெயிலில் சங்கு ஊதிய நாட்கள் உண்டா என்று கேட்டேன்.

கூடையை இறக்கிவைத்த ஒரு பெண் சொன்னார்: "இருக்குங்க. அது எங்களுக்குப் பெய்யிற மழ இல்லங்க. பழைய லயத்து ஆளுங்களுக்கு இன்னும் மழ விடல. அவுங்க மேல பெய்யிறது அந்த மெசினுக்குத் தெரியுது, நமக்குத் தெரியல." இன்னொரு பெண் தலையாட்டினார். மழையில் சங்கு ஊதினால் போவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு யோசிப்பார்களாம். வெயிலில் ஊதினால் ஒருவரும் யோசிப்பதில்லையாம். செத்தவர்கள் கூப்பிடும்போது வீட்டில் இருக்கக் கூடாது என்றார். சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தராசுக்குப் போனார்.

நான் படித்தவள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் திரும்பும் வழியில் அந்த நீலக் கதவு வந்தபோது நானும் மறுபக்கம் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

மூன்றாம் நாள் விஷயம் வெளிப்பட்டது. அதுவும் தற்செயலாக. மழைமானியைப் படம் எடுக்கத் தனியாகப் போனேன். குழந்தைகளைக் குளிப்பாட்டும் நேரம். ராஜேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் வெந்நீர் மொண்டு ஒரு பிள்ளையின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். காற்றில் அந்தச் சோப்பு வாசம். நான் ஜக்கைப் பார்த்தேன். வேலியைத் தாண்டி மானியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மானியின் வாய் சிறியது. அதில் இரண்டு ஜக் தண்ணீரை ஊற்றினால் ஒரு மலையையே சரிக்கக்கூடிய மழை பெய்ததாக அது சொல்லும்.

அவர் மறைக்கவில்லை. பிள்ளையைத் துவட்டித் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"மேமலையில பெய்யிற மழ இங்க விழாதுங்க மிஸ். இந்த மெசினுக்கு அது தெரியாது. பீலியில தண்ணி கலங்கி வந்தா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கண்டாக்கையாகிட்ட போய்ச் சொன்னா மெசேஜ் வரலையேன்னுவாரு. அவரு மேல தப்பில்ல, அவருக்கு மேல தொரை இருக்காரு. அதான் ஊத்துறேன்."

பீலி என்பது மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் ஊற்று நீர். லயமே அங்கேதான் குளிக்கும், குடிக்கப் பிடிக்கும். இப்படி எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறார். ஒரு தடவையாவது மலை இறங்கியதா என்று கேட்டேன். இல்லை என்றார். பாதி நேரம் மேலே கான், அதாவது வடிகால், வெட்டும் ஆட்கள் மண்ணைக் கிளறியதால் தண்ணீர் கலங்கியிருக்கும், அதுவும் பிறகுதான் தெரியும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இந்தப் பொய்மழைக்கு விளக்கம் தேடி எங்கள் குழு இரவு பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அதோடு, பொய் சொல்லும் கருவியை ஒரு நாள் யாருமே நம்பமாட்டார்கள், அன்றைக்கு நிஜமாகவே மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று படபடவென்று கேட்டேன்.

"எல்லாத் தடவையும் பொய்யாத்தான் போச்சுங்க," என்றார். "பொய்யாப் போனா நல்லதுதானுங்களே." பிறகு, கேட்காமலே சொன்னார். பழைய லயம் போன அன்று காலையில் பீலித் தண்ணீர் சிவப்பாக வந்திருக்கிறது. இவர் பார்த்திருக்கிறார். தங்கை காய்ச்சலோடு அந்த லயத்தில் படுத்திருந்தாள். "பாத்தேன் மிஸ். பாத்துட்டு, புள்ளைங்களுக்குப் பால் கரைக்கணும்னு வந்துட்டேன். கீழ மழயே இல்ல. மழ இல்லாம மலை வரும்னு யாருக்குத் தெரியும்?"

அவர் மேல் இரக்கம் வந்தது, ஆனால் கோபமும் முழுதாகப் போகவில்லை. மாலையில் பாலகிருஷ்ணனிடம் யார் என்று சொல்லாமல், மானியில் யாரோ கை வைக்கிறார்கள், வேலிக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள் என்றேன். மலையுச்சியில் இன்னொரு மானி வைக்கச் சிபாரிசு செய்கிறேன், அதுதான் முறையான வழி என்றும் சொன்னேன். அவர் சரி என்றார். பொழுது சாய்வதற்குள் பூட்டுத் தொங்கியது. வேலையைச் சரியாக முடித்த திருப்தியோடு நான் பெட்டியை அடுக்கினேன்.

கிளம்ப வேண்டிய நாள். காலையில் பள்ளத்தாக்கில் இளவெயில் அடித்தது. வந்த நாளிலிருந்து முதல்முறையாக என் காலணி காய்ந்திருந்தது. ஆனால் மலையின் மேல்பாதி தெரியவில்லை. கறுப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத ஒரு மேகம் அதை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பஸ்ஸுக்கு ஏற்றிவிட வந்த ஆட்டோ, தேயிலை மேட்டில் ஏற முடியாமல் கனைத்துக் கனைத்து நின்றுபோனது. நானும் ஓட்டுநரும் தள்ளிப்பார்த்தோம். பிறகு அவர் மூடியைத் திறந்து நோண்ட ஆரம்பித்தார். நான் பீலியில் கை கழுவப் போனேன்.

குடங்களோடு நாலைந்து பெண்கள் நின்றார்கள், யாரும் பிடிக்கவில்லை. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் ஹட்டன் கடையில் குடித்த தேநீர் நிறத்தில் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இளைத்து, நூலாகி, நின்றுவிட்டது. மலையில் மழை பெய்யும்போது ஊற்று நிற்பதாவது. அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகிறது என்ற கேள்வி அங்கிருந்த எல்லார் முகத்திலும் இருந்தது. எனக்குக் காது அடைத்த மாதிரி ஆயிற்று. தண்ணீர்ச் சத்தம் நின்றதால்தான் அப்படி என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

பிள்ளைமடுவத்துக்கு ஓடினேன். ராஜேஸ்வரி கையில் ஜக்கோடு பூட்டிய வேலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பாலகிருஷ்ணன் தோட்ட ஆபீசில் இருந்தார். பீலி நின்றதை அவரும் கேள்விப்பட்டிருந்தார். மேசை மேல் கைப்பேசியை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு லேசான தூறல் என்றுதான் முன்னறிவிப்பு, உங்கள் கணினி ஏதாவது சொல்கிறதா என்று கேட்டார். அந்த முன்னறிவிப்பும் இதே மாதிரிக் கட்டங்களில் போடும் கணக்குத்தான், அதற்கும் இந்தப் பள்ளத்தாக்கு தெரியாது என்றேன். சங்கை ஊதிவிடுங்கள் என்றேன். போன வருஷம் தகவல் வராமல் ஊதியதற்கு இரண்டு மாதம் பதில் எழுதிக்கொண்டிருந்தாராம். அடுத்த தடவை வேலை போய்விடும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

"மானியைச் சரிபார்க்கணும். சாவி கொடுங்க," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "மெசேஜ் வந்துட்டா நான் ஊதிருவேன் மிஸ்," என்றார். மானியில் ராஜேஸ்வரி தண்ணீர் ஊற்றுவது அவருக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான்தான் ஊற்றினேன். ராஜேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டார். வெயில் முதுகில் சுட்டது. உள்ளே சிறு வாளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாகக் கணினித் திரையில் மட்டும் பார்த்த கடும் மழை, என் கையாலேயே, பிள்ளை குளிப்பாட்டும் ஜக்கிலிருந்து பெய்தது. அவசரத்தில் பாதி வெளியே சிந்தியது. "மெதுவா ஊத்துங்க மிஸ், வழிஞ்சு போயிரும்," என்றார் அவர்.

சங்கு ஊதியது. வெயிலில் சங்கு. யாரும் கேள்வி கேட்கவில்லை. கதவுகள் திறந்தன, பிசைந்த மாவைத் துணியில் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார், தொலைக்காட்சிப் பெட்டியைத் தோளில் வைத்து ஒருவர் வந்தார். மலையில் இருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு நேராகப் பிள்ளைமடுவத்துக்கு வந்து அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். செருப்புச் சத்தம் மட்டும் ஓடையைத் தாண்டிப் போனது. பழைய லயத்துப் பக்கம் திரும்பி ஒருவர் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மாவு கொண்டுவந்த பெண் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டார், எனக்கும் ஒன்று வந்தது. மதியம் தாண்டியது. எதிரே லயத்துக் கூரைத் தகரம் வெயிலில் பளபளத்தது. இளைஞர்கள் சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அளவுக் கருவியில் தண்ணீர் ஊற்றிய விஞ்ஞானி என்று பேர் எடுப்பதைவிட என் தொழிலில் கேவலம் இல்லை. மாலை பஸ்ஸையாவது பிடிக்கலாம் என்று எழுந்தேன்.

அப்போது எதிர் மலையில் தேயிலை நடந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. செடிகள் சாயவில்லை, முறியவில்லை. வரிசை வரிசையாக, நிமிர்ந்து நின்றபடியே, கீழே நடந்து வந்தன. நடுவில் நின்ற ஒரு சவுக்குமரமும் கூடவே வந்தது. சத்தம் பிறகுதான் வந்தது, அதுவும் பெரிதாக இல்லை, பெரிய மிருகம் ஒன்று மூச்சு விட்ட மாதிரி. மண் பிள்ளைமடுவத்தை மூடி, கீழ்லயத்தின் பாதியை மூடி, ஓடைக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றது. எங்கள் மேல் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது.

ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை ரொட்டி தின்றுகொண்டிருந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை. பழைய லயத்து ஆளுங்கதான் கூப்பிட்டு விட்டாங்க என்று ஒருவர் மெல்லச் சொன்னார், எல்லாரும் ஆமோதித்தார்கள். ராஜேஸ்வரியும் தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

சென்னை திரும்பிய வாரமே என் நண்பர் அந்த நாளின் அளவைக் கண்டுபிடித்துவிட்டார். மறுபடியும் பேய்மழை, செயற்கைக்கோளில் கட்டம் முழுக்க மழையே இல்லை என்றார். அது நான் ஊற்றிய தண்ணீர் என்று சொன்னேன். பொய்யான அளவை நீக்க வேண்டும், அதுதான் விதி, நானே நீக்கினேன். நீக்கிய பிறகு அந்த நாளில் மிஞ்சுவது பூஜ்யம். உச்சியில் பெய்து மலையை இறக்கிய மழை யாருடைய கணக்கிலும் இல்லை. எங்கள் மாதிரி அன்றைக்குச் சொன்னது ஏறக்குறைய ஒன்றுமில்லாத தூறல். ஒப்பிட்டுப் பார்த்தால், மலை இறங்கிய அந்த ஒரு நாளில் மாதிரியும் மழைமானியும் மிக அழகாக ஒத்துப்போகின்றன.

என் அறிக்கையில் இரண்டு மழைமானிகள் கேட்டேன். ஒன்று மலையுச்சியில், இன்னொன்று பள்ளிக்கூடத்துப் பக்கம் புதிதாகக் கட்டும் பிள்ளைமடுவத்தில். லயத்து ஆட்கள் இன்னும் வகுப்பறைகளில்தான் இருக்கிறார்கள், அவர்களை எங்கே குடிவைப்பது என்று முடிவாகவில்லை. அந்தப் பக்கத்துச் சரிவும் செங்குத்துதான். கருவிகள் வருகின்றன என்று சொல்லப் பாலகிருஷ்ணனைக் கூப்பிட்டபோது, பக்கத்தில் இருந்த ராஜேஸ்வரி போனை வாங்கிக்கொண்டார். சுகமா என்று கேட்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேல வைக்கிறத நல்லாப் பூட்டி வச்சுக்குங்க மிஸ், அது உங்களுக்கு. கீழ வைக்கிறதுக்குப் பூட்டு வேணாம்."

சரி என்றேன்.